இரண்டாவது தடவை போருக்குப் போக மறுத்த பிரபு

1267ஆம் ஆண்டு பிரான்ஸ் மன்னர் ஒன்பதாம் லூயி மற்றுமொரு சிலுவைப் போருக்கு ஆயத்தமானார். தன்னுடன் வருமாறு நெருங்கிய நண்பரான ஜோன் டி ஜுவான்வில்லை வற்புறுத்தினார். ஜுவான்வில் மறுத்துவிட்டார். சிலுவைப் போருக்குச் செல்வது பெரும் புண்ணியமாகக் கருதப்பட்ட காலம் அது. மன்னரின் அழைப்பைத் தட்டிக்கழிப்பதும் இலகுவான காரியமல்ல.

ஜுவான்வில் போருக்கு அஞ்சியவர் அல்லர். சுமார் 1224இல் பிறந்த அவர், கிழக்கு பிரான்ஸின் ஷம்பாங் பிரதேசத்தில் செனெஷால் என்ற உயர் நிர்வாகப் பதவியைப் பரம்பரையாக வகித்த குடும்பத்தைச் சேர்ந்தவர். 1248இல் ஏழாவது சிலுவைப் போருக்குப் புறப்படுமுன் தன் ஆட்களை அழைத்தார். தன்னால் யாருக்காவது அநியாயம் நேர்ந்திருந்தால் அதற்குப் பரிகாரம் செய்வதாகச் சொன்னார். அவர்கள் தயக்கமின்றிப் பேச வேண்டும் என்பதற்காகத் தானே சபையைவிட்டு வெளியேறினார். அவர்கள் எடுத்த முடிவை மறுபேச்சின்றி ஏற்றார். நிலங்களில் பெரும்பகுதியை ஈடுவைத்துப் பணம் திரட்டிக்கொண்டு, ஒன்பது மாவீரர்களுடன் கப்பலேறினார்.

1249 ஜூனில் எகிப்தின் டமியேட்டா நகரம் சிலுவைப் படையிடம் எளிதில் வீழ்ந்தது. ஆனால் 1250 பெப்ரவரியில் மன்சூராவில் நடந்த சண்டையோடு நிலைமை தலைகீழானது. நோயும் பட்டினியும் படையைத் தின்றன. ஏப்ரலில் மன்னரும் ஜுவான்வில்லும் ஆயிரக்கணக்கானோருடன் சிறைப்பட்டனர். கொல்லப்படவிருந்த தன்னை, மன்னரின் உறவினர் என்று சொல்லிக் காப்பாற்றியவர் ஒரு முஸ்லிம் என்பதை ஜுவான்வில் பின்னர் நன்றியுடன் பதிவுசெய்தார். டமியேட்டாவைத் திருப்பிக் கொடுத்து, 4 இலட்சம் லீவ்ர் கப்பத்தில் பாதியைச் செலுத்திய பின்னரே மன்னர் விடுதலையானார்.

அடுத்து என்ன செய்வது? இன்றைய இஸ்ரேலின் வடகரையிலுள்ள ஆக்ரே நகரில் சபை கூடியது. நாடு திரும்புவதே நல்லது என்றனர் பெரும்பாலான பிரபுக்கள். ஜுவான்வில் எதிர்த்தார். மன்னர் போய்விட்டால், எகிப்தில் இன்னும் சிறையிலிருக்கும் சாதாரண மனிதர்களை மீட்க எவரும் இருக்கமாட்டார்கள் என்பது அவரது வாதம். அதைக் கேட்டுச் சபையிலிருந்தவர்கள் அழுதார்கள். ஒவ்வொருவருக்கும் வேண்டியவர்கள் அங்கே சிறையில் இருந்தனர். மன்னர் 1254 வரை அங்கேயே தங்கினார். எகிப்துடன் நடந்த பேச்சுகளின் பின் கைதிகள் பலர் விடுவிக்கப்பட்டனர்.

1267இல் அவர் மறுத்ததற்கான காரணமும் சாதாரண மக்கள்தான். தான் கடல் கடந்து போரிட்ட ஆறு ஆண்டுகளில், பிரான்ஸ் மன்னரினதும் நவார் மன்னரினதும் அதிகாரிகள் தன் மக்களை வறியவர்களாக்கிவிட்டனர் என்றார். மீண்டும் போனால் அவர்கள் அழிந்துபோவார்கள்; கடவுளின் விருப்பப்படி நடப்பதென்றால், ஊரிலிருந்து அவர்களைப் பாதுகாப்பதே தன் கடமை என்றார். போர் நடக்கும் இடத்தில் மட்டுமல்ல, படை புறப்பட்டுச் சென்ற ஊரிலும் மக்கள் அழிகிறார்கள் என்பதை அவர் நேரில் கண்டிருந்தார்.

லூயி அவரின்றிப் புறப்பட்டார். 1270 ஓகஸ்ட் 25 அன்று துனிஸ் அருகே நோயால் இறந்தார். 1297இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அதற்கான விசாரணையில் ஜுவான்வில்லும் சாட்சியமளித்திருந்தார்.

அரசி ஜோனின் வேண்டுகோளுக்கிணங்க அவர் எழுதிய லூயியின் வாழ்க்கை வரலாறு 1309இல் நிறைவுற்றது. அப்போது அவருக்கு எண்பது வயது கடந்திருந்தது. நண்பரைப் புனிதராகப் போற்றும் அதே நூலில், அந்தக் கடைசிப் போருக்குப் போகும்படி மன்னருக்கு ஆலோசனை கூறியவர்கள் பெரும்பாவம் செய்தார்கள் என்றும் எழுதிவைத்தார். 1317இல் காலமானார்.