அப்பத்தாவின் முள்வாங்கி

அப்பத்தாவின் சுருக்குப்பையில் வெற்றிலை, பாக்கு, சில்லறைக் காசோடு ஒரு முள்வாங்கியும் கிடக்கும். கொடிக்காலுக்குப் போய்வருகிற கால். கருவமுள் ஏறினால் எடுக்க வேண்டுமே. ஆனால் நான் அதை அதிகம் பார்த்தது வேறொரு வேலையில். மதியச் சாப்பாடு முடிந்ததும் அப்பத்தா திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து தாடையை விரலால் தடவிக்கொண்டே இருக்கும். எங்காவது நெருடினால் முள்வாங்கியை வைத்துச் சுருக்கென்று ஓர் இழுப்பு. பிடுங்கியதை வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டு ஊதிவிடும். கண்ணாடி கிடையாது, கதவைச் சாத்துவது கிடையாது. தெருவில் போகிறவர்கள் நின்று பேசிவிட்டுப் போவார்கள். பேச்சும் நடக்கும், வேலையும் நடக்கும்.

அந்தத் திண்ணைக்குப் பின்னால், அதே வீட்டின் கொல்லையில், நான் மேலுதட்டைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டிருந்தேன். 1984. சோழவந்தானில் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஒரு காதுகுத்து வீட்டில் சொந்தக்கார அம்மா ஒருவர் என் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, "என்னத்தா, ஒன் அண்ணனுக்கு முந்தி ஒனக்கு அரும்பிருச்சு?" என்று கேட்டார். பந்தியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு மோதிரம் போட்டவர். ஆனால் அன்றிலிருந்து சிரிக்கும்போது என் கை வாயை மூடப் போய்விடும். நாற்பது வருடமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. பலர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது கல்லில் மஞ்சளை இழைத்துக் கையில் கொடுத்தார், அவ்வளவுதான். சமையலுக்கு நீளமான விரலி மஞ்சள், முகத்துக்கு உருண்டையான குண்டு மஞ்சள். அது தீர்ந்தபோது கஸ்தூரி மஞ்சள் வந்தது. மணம் தூக்கலாக இருக்கும், கறை படியாது. அதற்கும் அசையாமல் போனபோது குப்பைமேனி இலையும் வேப்பங்கொழுந்தும் சேர்த்து அரைத்து இரவில் பற்றுப் போட்டோம். காலையில் உதட்டின் மேல் பச்சையும் மஞ்சளுமாக ஒரு பட்டை. அதைக் கழுவிவிட்டுப் பள்ளிக்கூடம் போனால், இருந்த கறுப்போடு மஞ்சளும் சேர்ந்து இன்னும் எடுப்பாகத் தெரியும்.

எங்கள் பக்கம் பிள்ளை பிறந்த வீட்டில் கடலைமாவை எண்ணெயில் குழைத்து, உருட்டி, குழந்தையின் நெற்றியிலும் முதுகிலும் தேய்ப்பார்கள். பிறந்த மேனியின் மெல்லிய ரோமம் அந்த உருண்டையோடு கொஞ்சம் வந்துவிடும். மீதியும் சில வாரங்களில் தானே உதிர்ந்துவிடும் என்பதால் மாவுக்குப் பேர் கிடைத்துவிட்டது. குமரிப் பெண்ணின் உதட்டில் கறுத்து வருவது அந்த ரோமம் இல்லை. பூனைமுடியாக இருந்தது ஆண்ட்ரோஜன் என்ற சுரப்பின் தூண்டுதலால் தடித்து, கறுத்து, ஆழமாக வேர் பிடித்த முடி அது. அந்தச் சுரப்பு ஆணுக்கு மட்டுமல்ல, பெண்ணுடம்பிலும் சுரப்பதுதான். பெண்ணுக்கு அளவு குறைவு. மஞ்சள் தோலுக்கு நல்லதாக இருக்கலாம், ஆனால் அந்த வேரை அதனால் எட்ட முடியாது. இது தெரியாமல் நான் என்னையே குற்றம் சொல்லிக்கொண்டேன். ஒருநாள் பூசாமல் விட்டதால்தான் வளர்ந்துவிட்டது என்று அழுத இரவுகள் உண்டு.

மதுரையில் டைப்பிஸ்ட் வேலை பார்த்த மதினி ஒரு தீபாவளிக்கு முடி எடுக்கும் க்ரீம் வாங்கிவந்தார். செய்தித்தாளில் சுற்றி, அதற்கு மேல் ஒரு துணிப்பையில் வைத்துத்தான் கொடுத்தார். மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை வாடை. முடியைக் கட்டிக்காக்கும் கெரட்டின் புரதத்துக்குள் கந்தகக் கண்ணிகள் உண்டு. அவற்றை அறுத்து முடியைக் கூழாக்குவதுதான் அந்தக் க்ரீமின் வேலை. தோலிலும் இருப்பது அதே கெரட்டின்தான். கைகால்களுக்கு உரியதை உதட்டில் தடவி, நேரம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். மேலுதட்டுத் தோல் வழன்று போனது. "கொழம்பு தெறிச்சிருச்சு டீச்சர்" என்று வகுப்பில் சொன்னேன்.

கல்யாணத்துக்குப் போட்டோ எடுத்தது 1989-ல். ஸ்டுடியோக்காரர் விளக்கைத் திருப்பிவைத்துக்கொண்டே அம்மாவிடம் தாழ்ந்த குரலில், "கவலப்படாதீங்கக்கா, டச்சப் பண்ணிரலாம்" என்றார். என்ன செய்தார் என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. நெகட்டிவில் கறுப்பு வெளுப்பாகத் தெரியும். உதட்டுக்கு மேல் தெளிந்து தெரிந்த அந்த இடத்தில் கூர்சீவிய பென்சிலால் பொடிப்பொடியாகப் புள்ளி வைத்து நிரப்பியிருக்கிறார். பிரிண்ட் போட்டதும் அங்கே வெளிச்சம் விழுந்துவிடும். அந்தப் படம் மூன்று ஊருக்குப் போய்வந்தது. போட்டோவில் இருந்த பெண் வேறு, நேரில் காப்பி கொண்டுவந்த பெண் வேறு என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று ஒவ்வொரு முறையும் தட்டு நடுங்கியிருக்கிறது.

பார்லர் படியேறியது நிச்சயம் முடிந்த பிறகு. பவுடர் பூசி, நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறுமுனையை இரண்டு கையிலும் கத்தரிக்கோல் மாதிரி முறுக்கிப் பிரித்தார் அந்த அக்கா. கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். "மொத தடவ அப்படித்தான் இருக்கும்மா. நாக்க வச்சு உள்ளேருந்து ஒதட்டத் தள்ளிக்கங்க" என்றார். பதினைந்து வயதிலிருந்து அதுவரை என் மேலுதட்டைப் பற்றி என்னிடம் நேராக, சாதாரணமாகப் பேசிய முதல் மனுஷி அவர்தான். வலியைவிட அதற்குத்தான் அதிகம் அழுதேன் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். எனக்கு மாதவிலக்கு மாதாமாதம் வந்ததே இல்லை. இரண்டு மாதம், சில சமயம் நான்கு மாதம் தள்ளும். அதையும் அம்மா யாரிடமும் சொல்லவில்லை. "மெலிஞ்ச ஒடம்பு, கல்யாணமானா சரியாயிரும்" என்று நம்பினார். கல்யாணத்துக்குப் பிறகு ஐந்து வருடம் பிள்ளையில்லை. அந்த ஐந்து வருடமும் நான் கேட்ட பேச்சுகளை இங்கே எழுதப் போவதில்லை. மேலுதட்டில் ஒரு ரகசியம், வயிற்றில் ஒரு ரகசியம் என்று இரண்டையும் தனித்தனியாக மூடி வைத்திருந்தோம். இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று யாருமே சொல்லவில்லை. சிகாகோவில் ஸ்டெயின், லெவந்தால் என்ற இரு மருத்துவர்கள் மாதவிலக்குத் தள்ளிப்போவதையும், மிகையான முடியையும், சினைப்பையில் திரளும் சிறுசிறு கட்டிகளையும் சேர்த்துவைத்து எழுதியது 1935-ல். நான் குப்பைமேனி அரைத்ததற்கு ஏறக்குறைய ஐம்பது வருடம் முன்பு. இன்று பிசிஓடி என்றும் பிசிஓஎஸ் என்றும் பள்ளிப்பிள்ளைகள்கூடச் சொல்கிறார்களே, அதுதான். ஒரு தாலுகா ஆஸ்பத்திரிக்கு யாராவது என்னைக் கூட்டிக்கொண்டு போய், இரண்டையும் ஒன்றாகச் சொல்லியிருந்தால் போதும். மூடி வைத்ததில் எங்களுக்குப் போனது மானமில்லை, வருடங்கள்.

இன்று என் அண்ணன் மகளுக்குப் பதினேழு வயது. அவளுக்கும் குடும்பச் சொத்தாக இது வந்திருக்கிறது. அவள் மூடி வைக்கவில்லை. "அத்தை, அப்பர் லிப்பும் சின்னும் எடுக்கணும், வர்றீங்களா?" என்று ஹாலில் வைத்துக் கேட்கிறாள், அண்ணன் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது. கொரோனாவுக்குப் பிறகு அந்தப் பார்லரில் நூலை வாயில் கடிப்பதில்லை, கழுத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். அவசரத்துக்கு முகத்துக்கென்றே சின்ன ரேசர் இருக்கிறது. அதை மருந்துக்கடையில் வாங்கிவந்தது அண்ணன்தான். காய்கறிப் பைக்குள்ளேயே கிடந்தது.

ரேசரைப் பார்த்ததும் பதறியது நான்தான். "வழிச்சா தடிமனா வளருமேடீ!" அவள் போனை எடுத்துக் காட்டினாள். மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் 1928-லேயே மழித்துப் பார்த்து, அளந்து பார்த்து, முடி தடிப்பதுமில்லை, வேகமாக வளர்வதுமில்லை என்று எழுதிவிட்டார். தானாக வளர்ந்த முடியின் நுனி சீவிய மாதிரி மெலிந்திருக்கும். வெட்டிய முடிக்கு நுனி மொட்டை, அதனால் கைக்கு நறநறவென்று படுகிறது. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை நம்பிய பயம், ஒரு பிளேடுக்கு அடங்குகிற விஷயமாகப் போனது.

இதெல்லாம் நல்ல மாற்றம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் இவளுக்கு என்னைவிடக் கொடுமையான கண்ணாடி வாய்த்திருக்கிறது. என்னைப் பந்தியில் இருபது பேர் பார்த்தார்கள். 2024-ல் உத்தரப்பிரதேசத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வில் 98.5 சதவீதம் எடுத்து மாநிலத்திலேயே முதலாவதாக வந்த பெண்ணின் படம் வெளியானதும், அவளுடைய மீசையைப் பற்றி முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் எழுதினார்கள். மதிப்பெண் கொஞ்சம் குறைந்திருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்க மாட்டேனே என்கிற பொருளில் அந்தப் பிள்ளை பேசியதைப் படித்துவிட்டு எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. படிப்பால் ஒரு பெண் வெளிச்சத்துக்கு வந்த அன்றே அந்த வெளிச்சம் அவள் உதட்டில் போய் நின்றுவிட்டது. போன் கேமராவோ கேட்காமலேயே முகத்தை வழித்துக் காட்டுகிறது. ஸ்டுடியோக்காரர் எனக்கு ஒரு படத்தில் வைத்த பென்சில் புள்ளியை இவளுக்கு ஒவ்வொரு செல்ஃபியிலும் வைத்துவிடுகிறார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பார்லரில் வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். நாங்கள் ஒளித்தோம், இவர்கள் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஏன் வளர்கிறது என்று கேட்பவர்கள் மட்டும் இன்றும் குறைவு.

அதனால் பார்லருக்குப் பிறகு அவளை டாக்டரிடமும் கூட்டிப்போனேன். அவளுக்கும் விலக்குத் தள்ளிப்போவது வழக்கம். ஸ்கேன் எடுக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. வயதுக்கு வந்து எட்டு வருடம் ஆகாத பெண்ணுக்குச் சினைப்பையில் அப்படிப் பல பொட்டுகள் தெரிவது இயல்பே, அதைவைத்து நோய் என்று சொல்லக்கூடாது என்றார். மேலுதடு, தாடை, மார்பு, வயிறு, முதுகு என்று ஒன்பது இடங்களுக்குப் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை மதிப்பெண் போடுகிற முறை ஒன்று இருக்கிறது. ஃபெரிமன், கால்வே என்ற இருவர் 1961-ல் உண்டாக்கியதிலிருந்து வந்தது. அதைப் போட்டுப் பார்த்தார். தைராய்டு, சர்க்கரை, ஆண்ட்ரோஜன் எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுத்தார்கள். உடம்பில் இன்சுலின் மிகுந்தால் அது சினைப்பையை உசுப்பி ஆண்ட்ரோஜனைக் கூட்டும் என்பதை ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். அந்தத் தாளை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். உலகில் பிள்ளைபெறும் வயதுப் பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு இது உண்டு, அவர்களில் 70 சதவீதம் பேர் வரை தங்களுக்கு இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறதாம். அந்த எழுபதில் நானும் இருந்தேன் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லவில்லை.

லேசர் பற்றி அவளே கேட்டாள். அந்த ஒளி முடியின் கறுப்பைத் தேடிப்போய்ச் சூடாக்கி வேரைச் சுடுகிறது. அமெரிக்காவில் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இருவர் அந்தத் தத்துவத்தை எழுதியது 1983-ல். ஆனால் நம் தோலிலும் அதே கறுமை இருக்கிறதே. தவறான கருவி என்றால் தோலும் சேர்ந்து வேகும். கறுத்த தோலுக்கு 1,064 நானோமீட்டர் அலைநீளத்தில் ஆழமாக இறங்கும் லேசர்தான் மற்றவற்றைவிடப் பாதுகாப்பு என்றார் டாக்டர். எங்களைப் போன்ற தெற்காசியப் பெண்களில் சிலருக்கு முகத்தில் லேசர் வைத்த இடத்தைச் சுற்றிப் பூனைமுடி தடித்து வளர்வதும் உண்டு என்றார். சுரப்பு சரியாகாவிட்டால் புதுமுடி வந்துகொண்டேதான் இருக்கும். "பப்ளிக் எக்ஸாம் முடியட்டும் அத்தை, அப்பறம் யோசிக்கலாம். இப்போதைக்கு ரேசர் போதும்" என்றாள். எனக்கு அந்த வயதில் இப்படி ஒரு விஷயத்தைத் தள்ளிப்போடத் தெரிந்திருக்காது.

பேச்சுவாக்கில் நானும் என் தாடையைக் காட்டிக் கேட்டேன். டாக்டர் விரலால் தொட்டுப் பார்த்தார். "உங்களுக்கு நரைச்சுப்போச்சும்மா. நரைமுடில கறுப்பு இல்ல, லேசருக்குப் பிடிபடாது" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை சோழவந்தான் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். வெயில் என் முகத்தில் விழுந்திருக்க வேண்டும். "அத்தை, ஆடாதீங்க, தாடைல ஒன்னு நீளமா நிக்குது" என்றாள். எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று ரேஷன் கடை அரிசியைப் பற்றி என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் முகத்தை அவள் பக்கம் நிமிர்த்திக் கொடுத்துவிட்டு, அவருக்குப் பதில் சொன்னேன்.