குடல்வால் அழற்சியின் வலி ஏன் இடம் மாறுகிறது?

அப்பெண்டிசைட்டிஸ் எனப்படும் குடல்வால் அழற்சியில் வலி முதலில் தொப்புளைச் சுற்றித் தோன்றுவதற்குக் காரணம், குடல்வாலின் உணர்வைக் கொண்டுசெல்லும் நரம்பிழைகள் தொப்புள் பகுதித் தோலின் நரம்புகள் சேரும் அதே தண்டுவடப் பகுதியை அடைவதும், மூளை இரண்டையும் பிரித்தறிய இயலாமல் போவதுமாகும். பின்னர் அழற்சி வயிற்றறையின் உட்சுவரைப் போர்த்திய பெரிட்டோனியம் என்னும் சவ்வைத் தொடும்போது, வலி வலது அடிவயிற்றில், 1889இல் மெக்பர்னி என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் விவரித்த புள்ளியில் கூர்மையாக நிலைகொள்கிறது.

ஆனால் குடல்வாலின் அடி பெருங்குடலின் தொடக்கப் பகுதியோடு நிலையாக இணைந்திருந்தாலும், அதன் நுனி எத்திசையிலும் நீண்டிருக்கலாம். நுனி பெருங்குடலுக்குப் பின்னால் மறைந்திருந்தால் வலி விலாவிலோ முதுகிலோ தோன்றிச் சிறுநீரகக் கல் போல ஏமாற்றும். அப்போது வயிற்றை அழுத்தினால் வலி குறைவாகவே இருக்க, வலது தொடையைப் பின்னோக்கி நீட்டும்போதுதான், அடியிலுள்ள சோவாஸ் தசை இழுபட்டு, அது வெளிப்படும். நுனி இடுப்புக்குழிக்குள் இறங்கியிருந்தால் வயிற்றுப்போக்கும் சிறுநீர் எரிச்சலும் தோன்றுவதால், நோய் வேறெனக் கருதிக் காலம் தாழ்த்துவது எளிதில் நேர்கிறது. இவ்வாறு காலம் தாழ்வதே மிகவும் அஞ்சத்தக்கது.

ஐயம் எழுமிடத்தில் அல்ட்ராசவுண்டும் சி.டி. ஸ்கேனும், கர்ப்பிணிகளுக்குக் கதிர்வீச்சற்ற எம்.ஆர்.ஐ.யும் துணைபுரிகின்றன. உள்ளுறுப்புகள் பிறப்பிலேயே இடம்வலமாக மாறியமைந்த அரிதான சிலருக்கு இவ்வலி இடது அடிவயிற்றிலும் வரலாம்.