எரியோட்டுக் கிணறும் வானத்துப் படமும்

வேடசந்தூர் வட்டத்தில், திண்டுக்கல்–கரூர் ரயில் பாதையில் உள்ள எரியோடு போன்ற ஊரின் நீர்நிலைகளுக்கு நிலப்படம் வரைய முற்படுவோர், வரையப்போவது கிணறா குளமா என்பதை முடிவுசெய்த பின்னரே செயற்கைக்கோள் படத்தைத் தேட வேண்டும்.

பிக்சல் எனப்படும் படப்புள்ளி ஒன்று தரையில் எத்தனை மீட்டரை அடக்குகிறது என்பதே படத்தின் கூர்மை. பக்கத்துக்குப் பத்து மீட்டர் கொண்ட சதுரக் கிணறு, ஐரோப்பாவின் சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி அளவே ஆகையால், சுற்றியுள்ள வரப்போடும் தென்னையோடும் கலந்து மறைந்துவிடும். 2005-இல் ஏவப்பட்ட கார்ட்டோசாட்-1 படத்தில், புள்ளிக்கு 2.5 மீட்டர் என்பதால், அதே கிணறு ஏறத்தாழ 16 புள்ளிகளாகத் தெரியும். 2019-இல் ஏவப்பட்ட கார்ட்டோசாட்-3 படத்திலோ, புள்ளி கால் மீட்டராகச் சுருங்குவதால், கிணற்றின் விளிம்பையே கோடாக வரைந்துவிடலாம்.

குளத்துக்கு இத்தனை கூர்மை வேண்டியதில்லை. அகச்சிவப்பு ஒளியைத் தண்ணீர் உறிஞ்சிவிடுவதாலும் பசுந்தழை வலுவாகத் திருப்பி அனுப்புவதாலும், அவ்வொளியைச் சிவப்பாகக் காட்டும் படத்தில் நீர்ப்பரப்பு கருமையாகவும், குளத்துக்குள் மண்டிய சீமைக்கருவேலம் செக்கச்செவேலெனவும் பிரிந்து தெரியும். அதற்குப் பத்து மீட்டர் படமே போதும். ஆனால் படமெடுத்த தேதி முக்கியம். வடகிழக்குப் பருவமழையில் குளம் நிறையும்போது மேகமும் மறைப்பதால், மழை ஓய்ந்த தை மாதப் படங்களே பெரும்பாலும் கைகொடுக்கும்.

சென்டினல் படங்களை ஐரோப்பாவின் கோப்பர்நிகஸ் தளத்திலும், இந்தியப் படங்களை ஹைதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையத்தின் பூநிதி தளத்திலும், பெயரைப் பதிவுசெய்து, இடம், தேதி, மேக அளவு ஆகியவற்றைக் குறித்துத் தேடிப் பதிவிறக்கலாம். 2023-ஆம் ஆண்டின் இந்திய விண்வெளிக் கொள்கைப்படி, இஸ்ரோவின் படங்களில் புள்ளி ஐந்து மீட்டரோ அதற்கு மேலோ உள்ளவை அனைவருக்கும் இலவசம். ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோளின் 5.8 மீட்டர் லிஸ்-4 படங்கள் இவ்வரம்புக்குள் வருகின்றன. அதனினும் கூர்மையானவை அரசு அமைப்புகளுக்கு இலவசம், பிறருக்கு விலைக்கு. கிணற்றை நம்பி வாழும் வறண்ட பகுதியில், அந்தக் கூர்மை உழவர் சங்கங்களுக்கும் விலையின்றிக் கிடைப்பதே நியாயம்.

கூகுள் எர்த் திரையைப் படம்பிடித்து வைத்துக்கொள்வது இப்படிப் பதிவிறக்கும் படத்துக்கு ஈடாகாது. அதில் அகச்சிவப்புப் பதிவும் இல்லை, ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய அட்சரேகை, தீர்க்கரேகைக் குறிப்பும் இல்லை. அக்குறிப்போடு வரும் ஜியோடிஃப் கோப்பை, க்யூஜிஐஎஸ் என்னும் இலவச மென்பொருளில் திறந்து, வருவாய்த்துறையின் புலப்படத்தை அதன்மேல் பொருத்தி, சாலைச் சந்திப்பு, ரயில் பாலம் போன்ற நிலையான இடங்கள் இரண்டிலும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்த்த பிறகே குளத்தின் எல்லையை வரையத் தொடங்க வேண்டும்.