பழைய காரில் பச்சிளங்குழந்தைக்கு இருக்கை

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் மோதும் கார் பத்தில் ஒரு நொடிக்குள் நின்றுவிட்டால், 4 கிலோ குழந்தையைப் பிடித்திருக்கும் கைகள் 50 கிலோவுக்கும் மேலான இழுப்பைத் தாங்க வேண்டும். எந்தத் தாயின் மடியாலும் அது ஆகாது. பச்சிளங்குழந்தைக்கு உரிய கார் சீட் பின்பக்கம் பார்த்தபடி பொருத்தப்படுகிறது. பிறந்த குழந்தையின் தலை உடல் நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு. கழுத்தோ இன்னும் வலுப்பெறாதது. முன்புறம் மோதும்போது தலை, கழுத்து, முதுகு மூன்றையும் இருக்கையின் ஓடு ஒருசேரத் தாங்கிக்கொள்ளும். விண்வெளி வீரர்கள் மல்லாந்து படுத்தபடி மேலேறுவதைக் கண்டு சுவீடனின் பெர்ட்டில் ஆல்ட்மன் 1960களில் வடித்த யோசனை இது.

புதிய கார்களில் பின்சீட்டின் இடுக்கில் ஐசோஃபிக்ஸ் எனப்படும் இரும்பு வளையங்கள் இருக்கும். கார் சீட் அவற்றில் சட்டென்று மாட்டிக்கொள்ளும். பழைய கார்களில் அவை இல்லை, சீட் பெல்ட்தான் கதி. இது ஒரு குறையே அல்ல. சரியாகக் கட்டினால் பெல்ட்டும் அதே பாதுகாப்பைத் தரும். ஐசோஃபிக்ஸில் மட்டுமே மாட்டக்கூடிய இருக்கையை வாங்கிவிட்டால்தான் காசு வீண்.

வைக்கும் இடம் பின்சீட். முன்சீட்டில் ஏர்பேக் இருந்தால், அது விரியும் விசை பின்நோக்கிய இருக்கையைக் குழந்தையின் தலையோடு சேர்த்து அறையும். பழைய ஜீப், வேன் வகைகளில் கடைசியில் எதிரெதிராக அமைந்த பக்கவாட்டு இருக்கைகளில் கார் சீட்டை வைக்கவே கூடாது. தொடக்ககால மாருதி 800 போன்ற, பின்சீட்டில் பெல்ட்டே இல்லாத வண்டிகளில் கயிறோ துப்பட்டாவோ மாற்றாகாது. முறையாகப் பெல்ட் பொருத்த முடியுமா என்று வண்டியைத் தயாரித்த நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தில் கேட்பதே வழி.

பெல்ட் எப்படிப் பூட்டுகிறது என்பதில்தான் காரியமே இருக்கிறது. பல கார்களின் பெல்ட் வெடுக்கென இழுத்தால் மட்டும் பூட்டும், மெதுவாக இழுத்தால் நழுவும். பெரியவர்களுக்கு அது வசதி. கார் சீட்டோ வளைவுக்கு வளைவு தளர்ந்து சாயும். பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்து, கொஞ்சம் உள்ளே விட்டு, மறுபடி இழுத்தால் வகை தெரிந்துவிடும். உள்ளே போகும்போது 'கடகட' என்று சத்தமிட்டு, பிறகு வெளியே வர மறுத்தால் அது தானே பூட்டிக்கொள்ளும் பெல்ட். அமெரிக்காவில் 1996 மாடல் முதல் பெல்ட்டுகள் ஏதாவதொரு விதத்தில் இறுகப் பூட்ட வேண்டும் என்பது விதி. பூட்டாத பெல்ட்டுக்கு ஆங்கில 'எச்' எழுத்து வடிவில் ஓர் இரும்புக் கிளிப் உண்டு. பெல்ட்டின் உலோக நாக்கிலிருந்து 2.5 செ.மீ.க்குள், இடுப்புப் பட்டியையும் தோள் பட்டியையும் சேர்த்து அது கவ்வ வேண்டும். சில இருக்கைகளிலேயே பெல்ட்டைப் பிடிக்கும் பூட்டு இருக்கும். அங்கே கிளிப் தேவைப்படாது. நடுவில் இடுப்புப் பட்டி மட்டும் உள்ள இடத்தில் பொருத்தலாமா என்பதை இருக்கையின் கையேடுதான் சொல்லும்.

ஐரோப்பிய ஆர்44 தரத்தில் பின்நோக்கிய பொருத்தலுக்குப் பெல்ட் செல்லும் வழி நீல நிறத்தில் குறிக்கப்பட்டிருக்கும். இருக்கையை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே தொய்வை இழுக்க வேண்டும். பிறகு பெல்ட் செல்லும் இடத்தைப் பிடித்து ஆட்டினால் 2.5 செ.மீ.க்கு மேல் அசையக் கூடாது. பலரும் தலைப்பக்க விளிம்பை ஆட்டிப் பார்த்து ஏமாறுகிறார்கள். அந்த முனை எப்படியும் ஆடும். பழைய கார்களில் பக்கிளின் தண்டு நீளமாக நின்று இருக்கையின் மூலையில் முட்டினால், எவ்வளவு இறுக்கியும் பயனில்லை, இடத்தையே மாற்ற வேண்டும்.

காரின் பின்சீட் பின்பக்கம் சரிந்திருந்தால் அதன்மேல் வைத்த குழந்தை இருக்கை நிமிர்ந்துவிடும். குழந்தையின் தலை முன்னால் தொங்கி மூச்சுவழி மடியும். பிறந்த குழந்தைக்குச் சுமார் 45 பாகைச் சாய்வு வேண்டும். கையேடு அனுமதித்தால் காரின் பின்சீட் இடுக்கில் சுருட்டிய துண்டை வைத்துச் சரிசெய்யலாம். வண்டி சமதரையில் நிற்கும்போதே சாய்வைப் பார்க்க வேண்டும்.

குழந்தையின் தோள்பட்டை வார்கள் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ தொடங்கி, விரலால் கிள்ளினால் மடிப்பு பிடிபடாத அளவுக்கு இறுக வேண்டும். போர்வை வாருக்கு மேலேதான். பழைய வண்டியின் குஷன் நாளாக நாளாக அமுங்கும். அதனால் நேற்று இறுக்கிய பெல்ட்டையும் புறப்படும்முன் ஒருமுறை ஆட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.