ஒட்டிய உறையும் மேல்விலாசமும்

நாகர்கோவிலிலிருந்து தக்கலைக்கு உறையை ஒட்டிக் கடிதம் போடுகிறீர்கள். உள்ளே எழுதியது தபால்காரருக்குத் தெரியாது. விலாசம் தெரியும், தெரியாவிட்டால் கடிதம் போய்ச் சேராதே!

இணையத்திலும் செய்தி சங்கேதக் குறிகளாக மாறியே செல்கிறது. ஆனால் சங்கேதம் தொடங்குமுன், எந்தத் தளம் வேண்டும் என்பதை உங்கள் கருவி பெரும்பாலும் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. ஒரே கணினியில் பல தளங்கள் குடியிருப்பதால் வந்த வினை இது. 2019-இல் ஜியோ நிறுவனம் இப்பெயரைப் படித்தே சில தளங்களைத் தடுத்ததை 'இணையம் மற்றும் சமூகத்திற்கான மையம்' என்ற ஆய்வு அமைப்பு கண்டறிந்தது. தடுக்கத் தெரிந்தவருக்குக் குறித்து வைக்கவும் தெரியும் அல்லவா?

பெயரையும் மறைக்கும் முறை இப்போது பரவி வருகிறது. அப்போதும் எண்விலாசம், நேரம், தரவின் அளவு ஆகியவை மறைவதில்லை. ஒருவர் நள்ளிரவில் புற்றுநோய் மருத்துவமனையின் தளத்தை மும்முறை திறந்தால், அவர் படித்தது என்னவென்று பார்க்கவா வேண்டும்?