ஆத்துமாவும் ஆவியும்

ஒருவர் மறைந்தால் ‘ஆவி பிரிந்தது’ என்பது தமிழ் வழக்கு. அவருக்காக வேண்டுதல் செய்வோர் ‘ஆத்துமா சாந்தியடைக’ என்பர். இங்கே இரு சொற்களும் ஒரு பொருளையே குறித்து நிற்கின்றன. ஆயினும் தமிழ் வேதாகமத்தைக் கற்போர், அவை சிலவிடங்களில் ஒன்றாகவும் சிலவிடங்களில் வெவ்வேறாகவும் வருவதைக் காண்பர். அவை ஒன்றா, இரண்டா? உள்ளத்தில் எழும் கிளர்ச்சி எது, கடவுளின் ஏவுதல் எது என்று பகுத்தறிய விரும்பும் கிறிஸ்தவர்க்கு இது சொல்லாராய்ச்சியோடு முடிந்துவிடும் வினாவன்று. வாழ்க்கையைத் தொடும் வினாவாகும்.

பழைய ஏற்பாட்டின் எபிரேய மொழியில் ஆத்துமாவைக் குறிக்கும் சொல் ‘நெபெஷ்’. தொண்டை, மூச்சு, உயிர், ஆள் என அதன் பொருள் விரியும். பசிப்பதும் தாகங்கொள்வதும் ஏங்குவதும் நெபெஷே. ஆவியைக் குறிக்கும் சொல் ‘ரூவாக்’. காற்று என்பதும் மூச்சு என்பதும் அதன் பொருள்கள். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மொழியில் இவற்றின் இடத்தில் முறையே ‘ப்சூக்கே’, ‘ப்நெவ்மா’ என்னும் சொற்கள் வருகின்றன. மூச்சு, உயிர், நீராவி ஆகிய பொருள்களைத் தரும் ‘ஆவி’ என்னும் தமிழ்ச்சொல், ப்நெவ்மாவுக்கு நன்கு பொருந்திய சொல்லாகும். முற்காலத்துத் தமிழ்க் கத்தோலிக்கர் பரிசுத்த ஆவியைப் போர்த்துக்கேய வழக்கையொட்டி ‘இஸ்பிரீத்து சாந்து’ என்றே அழைத்து வந்தனர்.

ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில், கடவுள் மண்ணினால் மனிதனை உருவாக்கி, அவன் நாசியில் உயிர்மூச்சை ஊதுகிறார். மனிதன் உயிருள்ள நெபெஷ் ஆகிறான். உயிருள்ள நெபெஷ் என்னும் இத்தொடரே முதலாம் அதிகாரத்தில் நீர்வாழ் உயிர்களுக்கும் விலங்குகளுக்கும் வழங்குகிறது. ஆகவே, மனிதன் ஆத்துமா ஒன்றை உடைமையாகப் பெற்றான் என்பதிலும், அவனே ஆத்துமாவானான் என்பதே எபிரேயர் கருத்துக்கு அண்மையானது. ஊதப்பட்ட மூச்சோ அவனுக்குச் சொந்தமானதன்று. பிரசங்கியின் நூல், மண் மண்ணுக்குத் திரும்புவதையும், ஆவி அதனைத் தந்த கடவுளிடம் திரும்புவதையும் கூறுகிறது.

இவ்வாறாயின் மனிதன் ஆவி, ஆத்துமா, உடல் என்னும் மூன்று கூறுகளால் ஆனவனா? ஆம் என்போர், தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தின் இறுதியில் பவுல் இம்மூன்றையும் சேர்த்துக் கூறுவதையும், ஆத்துமாவையும் ஆவியையும் பிரிக்குமளவுக்குக் கடவுளின் வார்த்தை ஊடுருவும் என எபிரெயர் நிருபம் கூறுவதையும் சான்று காட்டுவர். அன்று என்போர், மரியாளின் புகழ்ப்பாடலில் ஆத்துமாவும் ஆவியும் அடுத்தடுத்த அடிகளில் ஒரே மகிழ்ச்சியைக் கூறுவதை எடுத்துக்காட்டுவர். நான்காம் நூற்றாண்டில் லவோதிக்கேயா ஆயரான அப்பொலினாரிஸ், கிறிஸ்துவினிடத்தில் மனித அறிவின் இடத்தைத் தேவவார்த்தையே நிரப்பியது எனப் போதித்தார். 381ஆம் ஆண்டுக் கொன்ஸ்தாந்திநோப்பிள் சங்கம் அப்போதனையைக் கண்டித்தது. மனிதனைக் கூறுபோடுவதால் வரும் இடரை இவ்வரலாறு காட்டுகிறது.

கூறுகளின் எண்ணிக்கையிலும், மனிதன் எந்த ஊற்றிலிருந்து வாழ்கிறான் என்பதே பவுலின் கவலை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் ‘ஜென்மசுபாவமான மனுஷன்’ எனத் தமிழில் வருவது, கிரேக்கத்தில் ‘ப்சூக்கே’ என்பதனடியாகப் பிறந்த சொல்லாகும். ‘ஆத்துமாவின் அளவில் வாழ்பவன்’ என்பது அதன் நேர்ப்பொருள். ஆத்துமா தீயதன்று; அறிவும் அன்பும் துயரும் அதற்குரியவை. தானே தனக்குப் போதும் என்று அது தன்னுள் அடங்கிவிடுவதே குறை. அதே ஆத்துமா கடவுளின் ஆவிக்குத் திறந்து நிற்கும்போது, அம்மனிதனைப் பவுல் ஆவிக்குரியவன் என்கிறார்.

கொரிந்துச் சபையில் எழுச்சிக்குக் குறைவிருக்கவில்லை. பல பாஷைகளும் தீர்க்கதரிசனமும் அங்கே மலிந்திருந்தன. ஆனால் ஒருவர் பவுலின் பெயராலும், மற்றொருவர் அப்பொல்லோவின் பெயராலும் பிரிந்து நின்றனர். திருவிருந்தில் ஒருவன் பசித்திருக்க, ஒருவன் குடித்து வெறித்திருந்தான். பொறாமையும் சண்டையும் உள்ளவரையில் அவர்களை ஆவிக்குரியவர்களாகக் கருத இயலாது என்று பவுல் எழுதினார். போட்டியிலிருந்து பிறக்கும் ஞானத்தை யாக்கோபும், பிரிவினை செய்வோரை யூதாவும், ‘ஆத்துமாவின் அளவிலானது’ என்னும் அச்சொல்லாலேயே சுட்டுகின்றனர். உள்ளம் பொங்கியது என்பது மட்டும் ஆவியின் அடையாளமாகாது. அன்பும் சமாதானமும் பொறுமையுமே ஆவியின் கனிகள்.

இதற்கு மறுதலையான காட்சி கெத்செமனேத் தோட்டத்தில் உள்ளது. அங்கே இயேசு தம் ஆத்துமா மரணத்துக்கேதுவான துயரங்கொண்டிருப்பதை மறையாது கூறினார். எழுச்சியுமில்லை, இன்பமுமில்லை. ஆயினும் அத்துயரத்தின் நடுவே தந்தையின் சித்தத்துக்கு இசைந்தார். மறுநாள் சிலுவையில் தம் ஆவியை அத்தந்தையின் கைகளிலேயே ஒப்புவித்தார். ஆத்துமா கலங்கியதனால் அவர் கடவுளை விட்டு விலகினார் என எவரும் கூறார்.

செபத்தில் உள்ளம் வறண்டு, கடவுள் தம்மைக் கைவிட்டார் என அஞ்சுவோர்க்கு இதில் ஆறுதல் உண்டு. உணர்ச்சி பொங்கியதனாலேயே தம்மை ஆவிக்குரியவர் என எண்ணுவோர்க்கு இதில் எச்சரிக்கையும் உண்டு. பொங்குவதும் வாடுவதும் ஆத்துமாவின் இயல்பு. பொங்கும் வேளையில் அயலானின் பசியை மறவாமலும், வாடும் வேளையில் கடவுளின் கையை விடாமலும் இருப்பதே ஆவிக்குரிய வாழ்வு.