பதவிக்காலம் முடிந்த கமிட்டி என்ன செய்யலாம்?

தென்னிந்திய நடிகர் சங்கத்தின் தேர்தல் 2019 ஜூன் 23 அன்று மயிலாப்பூர் செயின்ட் எபாஸ் பள்ளியில் நடந்தது. அடையாறு எம்.ஜி.ஆர். ஜானகி கல்லூரியில் நடத்துவதாக இருந்து, பாதுகாப்பைக் காரணம் காட்டி கடைசி நேரத்தில் இடம் மாறியது. வாக்குப்பதிவு நடக்கட்டும், எண்ண வேண்டாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டதால் பெட்டிகள் வங்கிக்குப் போய்ப் பூட்டப்பட்டன. எண்ணியது 2022 மார்ச் 20 அன்று. ஏறத்தாழ 33 மாதம். கமிட்டியின் அதிகபட்ச ஆயுளே மூன்று வருடம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

டி.வி.யில் பார்த்தவர்களுக்கு அது இரண்டு அணிகளின் சண்டை. கோர்ட் கட்டுக்குள் இருந்ததோ எந்தச் சங்கத்துக்கும் வரக்கூடிய சமாச்சாரம். 2015 அக்டோபரில் ஜெயித்த நிர்வாகிகளின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. தி.நகர் அபிபுல்லா சாலையில் சங்கத்தின் கட்டட வேலை நடக்கிறது என்று சொல்லி, பொதுக்குழுவில் ஆறு மாதம் நீட்டித்துக்கொண்டார்கள். அதன்பிறகு தேர்தல் அதிகாரியை நியமித்தார்கள். காலம் முடிந்தவர்கள் செய்த நியமனம் செல்லுமா என்பது ஒரு கேள்வி. வாக்காளர் பட்டியலிலிருந்து தங்களை நீக்கியது சரியா என்று 61 உறுப்பினர்கள் பதிவாளரிடம் போனது இன்னொன்று.

2020 ஜனவரி 24 அன்று தனி நீதிபதி தேர்தலே செல்லாது என்றார். 2022 பிப்ரவரி 23 அன்று இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, வாக்குகளை எண்ணச் சொன்னது. நடுவில் சங்கத்தை அரசு நியமித்த தனி அதிகாரி பார்த்துக்கொண்டார். கடைசியில் நிர்வாகிகள் பக்கம்தான் தீர்ப்பு வந்தது, வாஸ்தவம். ஆனால் ஒரு சங்கம் அந்த மூன்று வருடத்தைத் திரும்ப வாங்க முடியாது.

நம் பகுதியில் இருக்கும் வணிகர் சங்கங்களில் பெரும்பாலானவை 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்தான் இருக்கும். சில தொழிற்சங்கச் சட்டத்திலோ கம்பெனி சட்டத்திலோ பதிவாகியிருக்கலாம்; பதிவுச் சான்றிதழை முதலில் பாருங்கள், ஏனென்றால் வழி மாறும். 1975 சட்டத்தின் 15வது பிரிவு, கமிட்டியில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும், அவர்களின் காலம் மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது என்கிறது. மறுபடி நின்று ஜெயிக்கலாம், தடையில்லை. தேர்தலே வைக்காமல் நீடிப்பதுதான் வம்பு. 'பொதுக்குழு கை தட்டி ஒத்துக்கொண்டதே' என்பார்கள். பொதுக்குழு பெரியதுதான், சட்டம் அதைவிடப் பெரியது. 2024 செப்டம்பரில் அதே நடிகர் சங்கப் பொதுக்குழு நிர்வாகிகளின் காலத்தை மறுபடி நீட்டித்தது. காரணம் அதே கட்டடம். அதை எதிர்த்தும் வழக்கு வந்தது.

திட்டமிடுதல் என்று சங்கங்கள் பேசும்போது கவனிக்க வேண்டிய இடம் இது. லஸ்ஸிலும் பனகல் பார்க்கிலும் அடையாறிலும் மெட்ரோ வேலை வருடக்கணக்கில் நடக்கிறது. கடை முன்னால் தடுப்பு, திருப்பிவிட்ட பஸ், பார்க்கிங் என ஒவ்வொன்றுக்கும் மாநகராட்சியோடும் மெட்ரோ நிறுவனத்தோடும் பேச ஆள் வேண்டும். இது எந்தக் கமிட்டியின் காலத்துக்குள்ளும் அடங்காது. ஆகவே திட்டம் தலைவரின் தலைக்குள் இருக்கக் கூடாது. எவ்வளவு பணம், யார் கையெழுத்து, எந்த வருடம் எதுவரை என்று பொதுக்குழுத் தீர்மானமாக மினிட்ஸ் புக்கில் ஏற வேண்டும். அப்போது அடுத்து வருபவர் அதைத் தொடரலாம். 'நாங்கள் இருந்தால்தான் முடியும்' என்று ஒரு கமிட்டி சொன்னால், அது போட்ட திட்டத்தில்தான் ஓட்டை என்பது என் அபிப்பிராயம்.

'நாங்கள்தான் நிர்வாகிகள்' என்று இரண்டு கோஷ்டி ஆளுக்கொரு கடிதம் கொடுத்தால் வங்கி மேனேஜர் கணக்கை நிறுத்திவைப்பார், வாட்ச்மேன் சம்பளம்கூடப் போகாது. அவர் கேட்பது பெரும்பாலும் தீர்மான நகலும் படிவம் 7-உம்தான். நிர்வாகிகள் மாறியதைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் தாள் அது. ஜெயித்த கையோடு மாலை போட்டு போட்டோ எடுப்பவர்கள் இதைத் தாக்கல் செய்ய மறந்துவிடுவது சகஜம்.

உறுப்பினருக்கு உள்ள உரிமைகள் பலருக்குத் தெரியாது. கல்யாண மண்டபத்தில் ஏஜிஎம். உள்ளே இலை போடுகிற சத்தம் கேட்கும்போது பொருளாளர் கணக்கைப் படிப்பார். 'பாஸ், பாஸ்' என்று குரல் வரும். அந்த நேரத்தில் எழுந்து கேட்பது கஷ்டம். தணிக்கை செய்த கணக்கின் நகலைக் கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். உறுப்பினர் பதிவேட்டையும் பாருங்கள். உங்கள் பெயரை நீக்குவதானால் காரணம் சொல்லி நோட்டீஸ் கொடுத்து, உங்கள் பதிலையும் கேட்டாக வேண்டும். சங்கம் பைலாவைத் தர மறுத்தால், அது பதிவான மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் கட்டிச் சான்றிட்ட நகல் வாங்கலாம். பைலா திருத்தம் நடந்ததாகச் சொன்னால் அது அங்கே பதிவாகியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

அடுத்த கட்டம் அதே 1975 சட்டத்தின் 36வது பிரிவு. உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினரோ கமிட்டியில் பெரும்பான்மையினரோ எழுதிக் கொடுத்தால் பதிவாளர் சங்கத்தின் நடப்பையும் நிதி நிலையையும் விசாரிக்கலாம், தாமாகவும் விசாரிக்கலாம். ஆனால் தேர்தல் செல்லுமா, உண்மையான செயலாளர் யார் என்று முடிவுகட்டும் அதிகாரம் அவருக்கு இல்லை என்பதை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. அதற்கு சிவில் கோர்ட்தான்.

எவ்வளவு கோபம் வந்தாலும் சங்க அலுவலகத்துக்குப் பூட்டுப் போடும் வேலை வேண்டாம். திரைப்படத் தயாரிப்பாளர் சங்கத்தின் தி.நகர் அலுவலகத்தில் 2018 டிசம்பரில் ஒரு தரப்பு பூட்டுப் போட, உடைக்கப் போன தலைவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அடுத்த ஆண்டு அங்கேயும் தனி அதிகாரி வந்தார். 2020 நவம்பரில்தான், ஓய்வுபெற்ற நீதிபதியின் மேற்பார்வையில் தேர்தல் நடந்தது.

வாக்காளர் பட்டியலில் குறை இருந்தால் வரைவுப் பட்டியல் ஒட்டிய வாரத்திலேயே ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்து, நகலில் சங்கத்தின் ரப்பர் ஸ்டாம்ப்போடு தேதி வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்.